வழக்கொழிந்த உறுப்புகளும் நம் வாலிபரும்

(அண்ணாமலை நகரில் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



1929-ஆம் ஆண்டு முதல் சர்வகலாசாலையால் சிறப்புற்ற இவ்வூரில், படிப்போடு கைத்தொழிலையும் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

கிடங்குகளில் பாரந் தூக்கும் போர்க்லிப்ட் வண்டிகளில் பேட்டரியால் ஓடுபவை பல. அவற்றின் வேகத்தை ஆள்வது கன்ட்ரோலர் என்னும் பெட்டியாம். வண்டியின் இரும்பு உறுதியாயிருக்க, பெட்டியினுள் நகமளவான ஓர் உறுப்புக் கெட்டு, அது கடைகளில் அகப்படாமையால் வண்டி முழுதும் பழைய இரும்பாகப் போவதுண்டு. அவ்வுறுப்பைத் தேடிப் பொருத்த வல்லவனுக்கு என்றும் பிழைப்புண்டு. கடலூர்த் தொழிற்பேட்டையில் வேலை நாடும் நம் வாலிபர் இதனைக் கற்றல் நன்று.

சென்னை ரிச்சி தெருவில் பழஞ்சரக்கு அகப்படலாம். ஆயினும் வாங்குமுன் மூன்று விஷயங்களைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, பழைய உறுப்பே வேண்டுமா என்பது. கெப்பாசிட்டர் பல்லாண்டு கிடப்பில் இருந்தால் கெடக்கூடும். ஆதலால் அதே கொள்ளளவும், குறையாத வோல்ட்டும் வெப்பத்தாங்குதலும் உடைய புதியதே மேலானது.

இரண்டாவது, போலி. பெயரை உராய்ந்து நீக்கி வேறு பெயர் அச்சிட்டு விற்போர் உளர். சில்லின்மேல் உள்ள நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 9836 எனின் 1998-இன் 36-ஆவது வாரம். இன்டெல் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 8051 வகைச் சில்லுகளை 2007-இல் நிறுத்தியது. அந்நிறுவனத்தின் பெயரோடு 1512 என்றிருப்பின் ஐயுற வேண்டாமா? அசிட்டோன் தோய்த்த பஞ்சால் துடைக்க மேற்பூச்சுக் கரைந்து உராய்ந்த கோடுகள் தோன்றின், அது போலியே. கரையாததனாலேயே மெய்யென்று நம்பிவிடலும் ஆகாது.

மூன்றாவது, சில்லினுள் எழுதப்பெற்ற கட்டளைகள். வெறுஞ்சில்லு வாங்கினால் உடல் உண்டு, உயிரில்லை. ஆகையால் வண்டி நன்றாக ஓடும்போதே, படிக்க இடந்தரும் சில்லுகளினின்று பிரதி எடுத்து வைத்தல் அறிவுடைமை.

சகோதரர்களே! இது பணத்தைப் பற்றிய விஷயம் மாத்திரமன்று. மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் மாஸ்பெட் என்னும் உறுப்புப் பழுதுற்று ஒட்டிக்கொண்டால், ஓட்டுபவன் எண்ணாத வேகத்தில் வண்டி பாயக்கூடும். எதிரே நிற்பவன் ஒரு குடும்பத்தின் தலைவன். ஆதலின் பழுது பார்த்தபின் ஓட்டுசக்கரங்களைத் தரையினின்று உயர்த்திச் சோதித்தே வண்டியைக் கொடுத்தல் வேண்டும். நம்பத்தக்க உறுப்புக் கிடையாதபோது, “இது இயலாது, புதிய கன்ட்ரோலர் வாங்குக” என்று சொந்தக்காரரிடம் உரைப்பவனே உத்தமத் தொழிலாளி. அன்று ஒரு கூலி போயினும், அவன் சொல்லுக்கு மதிப்பு நிற்கும்.

அத்தகையோர் நம்மிற் பெருகுக!