புள்ளிக் கணக்குக்கு ஓர் ஆசிரியர்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்குமான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயருக்கு நேரே ‘புள்ளியியல்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டவுடன், தேநீர் குடித்துவிட்டு வரலாமா என்று உங்களில் சிலர் எண்ணியிருக்கக்கூடும். அவர்கள்மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நாங்களும் அப்படித்தான் எண்ணியிருப்போம். இன்று உங்களுக்குப் புள்ளியியல் கற்பிக்க நாங்கள் வரவில்லை. அதைக் கற்றுக்கொள்ள நாங்கள் ஓர் ஆசிரியரைத் தேடி அலைந்த கதையைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

எங்கள் ஒன்றியத்து ஊர் ஒன்றில் கிராம சபை நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு வாய்க்காலில் தண்ணீர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தலைமடையில் ஓரளவு விளைந்தது. கடைமடையில் கதிரெல்லாம் பதராயிற்று. ஆயினும் பயிர்க் காப்பீட்டில் அவ்வூருக்கு இழப்பீடு வரவில்லை. ஊரின் சராசரி மகசூல் உத்தரவாத மகசூலைவிட மிகுதி என்பது காரணம். அதை நாங்கள் எடுத்துரைத்தபோது கடைமடை விவசாயியாகிய பெரியவர் ஒருவர் எழுந்து, “ஹெக்டேருக்கு 4,200 கிலோ என்கிறீர்களே, ஐயா, அது எவன் வயலில் விளைந்தது?” என்று கேட்டார்.

மேடையில் நாங்கள் நால்வர் இருந்தோம். நால்வரும் பட்டதாரிகள். ஒருவர் வரலாறு, ஒருவர் தமிழ், இருவர் வணிகவியல். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. “சராசரி என்றால் அப்படித்தான், பெரியவரே” என்று சொல்லிவைத்தோம். அவர் மறுமொழி கூறாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டார். அந்தத் துண்டு உதறிய ஓசை இன்றும் எங்கள் காதில் இருக்கிறது.

அன்றிரவு திரும்பும் வழியிலேயே, இதைக் கற்றாக வேண்டும் என்று முடிவு செய்தோம். முதலில் புத்தகம் வாங்கினோம். இரண்டாம் அதிகாரத்தோடு அது அலமாரிக்குப் போயிற்று. கைப்பேசியில் இலவசப் பாடங்கள் கிடைக்கின்றன; நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் நமக்கு எந்த இடத்தில் புரியாமல் போயிற்று என்று கைப்பேசி நம்மைக் கேட்பதில்லை. பகலெல்லாம் கோப்புகளோடு மல்லாடிய நாற்பது வயதுக்காரனுக்கு, தவறு செய்யும்போது பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் தனி ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொள்வது என்று தீர்மானித்தோம். முதலில் கிடைத்தவர் நகரத்தில் போட்டித் தேர்வுக்குப் பயிற்சி அளிப்பவர். நல்ல மனிதர்; நேரம் தவறமாட்டார். சூத்திரங்களை வரிசையாக எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார். மூன்று வாரத்தில் திட்ட விலக்கம் கணக்கிடப் பழகிவிட்டோம். அதை எதற்காகக் கணக்கிடுகிறோம் என்பது மட்டும் தெரியவில்லை. தேர்வு எழுதுவோருக்கு அவர் போதும். எங்களுக்கோ தேர்வு வைப்பவர் அந்தக் கடைமடைப் பெரியவர்.

இரண்டாமவர் முதுகலை முடித்த இளைஞர். கணினியில் அவர் விரல் ஓடும் வேகத்தை வியந்துகொண்டே இருந்தோம். ஒரு நொடியில் வண்ணப் படங்கள் வந்து விழுந்தன. ஆனால் கேள்வி கேட்க எங்களுக்கு நாணம், அவருக்கோ அதிகாரிகளிடம், “இது புரிந்ததா?” என்று கேட்கக் கூச்சம். இரு தரப்பாரும் தலையாட்டியபடியே ஒரு மாதம் கழிந்தது. அவர்மேல் குறை சொல்வதற்கில்லை. புரியவில்லை என்று சொல்லாத மாணவனுக்கு எந்த ஆசிரியரும் உதவ முடியாது.

இத்தனைக்கும், எங்கள் ஒன்றிய அலுவலகக் கட்டிடத்தின் கோடி அறையிலேயே வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர் அமர்ந்திருந்தார். அவரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை! ஒருநாள் தேநீர் வேளையில் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஓய்வு பெற்று அடுத்த ஊரில்தான் மல்லிகை போட்டிருக்கிறார். அவரைப் பாருங்கள்” என்றார்.

போய்ப் பார்த்தோம். தோட்டத்துக் கயிற்றுக் கட்டிலில் எங்களை அமர்த்திவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “எதற்காகக் கற்க விரும்புகிறீர்கள்?” முந்தைய இருவரும் கேட்காத கேள்வி இது. கிராம சபையில் நிகழ்ந்ததைச் சொன்னோம். “அந்த ஊர் அறுவடைச் சோதனை விவரம் கையில் இருக்கிறதா? வரும் சனிக்கிழமை கொண்டுவாருங்கள். அதுதான் பாடப்புத்தகம்” என்றார். ஊதியம் வேண்டாம் என்பார் என எதிர்பார்த்தோம். அவரோ ஆளுக்கு மாதம் 250 ரூபாய் என்று கறாராகச் சொன்னார். காசு கொடுக்காத பாடத்துக்கு மழை வந்தால் மட்டம், மாமியார் வந்தால் மட்டம் என்பது அவருடைய அனுபவம். அது முற்றிலும் உண்மை என்பதைப் பிறகு கண்டோம்.

அறுவடைச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எந்த வயல் என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள். வயலுக்குள் எந்த இடம் என்பதையும் அப்படியே. தென்மேற்கு மூலையிலிருந்து நீளத்தில் இத்தனை அடிவைப்பு, அகலத்தில் இத்தனை அடிவைப்பு என்று எண்ணிச் செல்வார்கள். அங்கே முளையடித்துக் கயிறு கட்டி, நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டை அறுத்து அடித்து எடை போடுகிறார்கள். 25 சதுர மீட்டர் அத்துண்டு. ஒரு ஹெக்டேரில் அத்தகைய துண்டுகள் 400. ஆகவே துண்டில் ஒரு கிலோ என்றால் ஹெக்டேருக்கு 400 கிலோ. தராசில் அரைக் கிலோ தவறினால் ஹெக்டேரில் 200 கிலோ தவறும். ஈரம் கழிப்பது வேறு கணக்கு. அதை இங்கே விட்டுவிடுகிறோம். கயிற்றின்மேல் விழும் ஓரத்துப் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் ஆசை அறுப்பவர் கைக்கு இயல்பாகவே உண்டு. துண்டு மிகச் சிறியதாக இருந்தால் அந்த ஆசையே மகசூலை உயர்த்திக் காட்டிவிடும் என்பதை 1940களில் நம் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே எடுத்துக்காட்டினார்.

எங்கள் ஆசிரியர் அடுத்த சனிக்கிழமை ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். பழைய நாட்காட்டிகளை வெட்டிச் செய்த 80 துண்டுகள் அதில் இருந்தன. 60 துண்டுகளில் 13 என்றும், 20 துண்டுகளில் 5 என்றும் எழுதியிருந்தார். “இது ஒரு ஊர். 13 என்பது தலைமடைத் துண்டின் எடை, 5 என்பது கடைமடைத் துண்டின் எடை. உண்மைச் சராசரி என்ன?” கணக்கிட்டோம், 11 கிலோ. அதாவது ஹெக்டேருக்கு 4,400. “இப்போது கண்ணை மூடி நான்கு எடுங்கள்” என்றார். நான்கு ஏனென்றால், அந்த ஊரில் நடந்த சோதனைகள் நான்கு.

ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்கி இருபது முறை எடுத்தோம். ஏழு முறை கடைமடை அட்டை ஒன்றுகூட வரவில்லை; சராசரி 13. எட்டு முறை ஒன்றே வந்தது; சராசரி சரியாக 11. நான்கு முறை இரண்டு வந்தன, 9 ஆயிற்று. ஒரு முறை மூன்று வந்து 7 ஆகிவிட்டது. இருபது சராசரிகளையும் கூட்டி வகுத்தால் 11.1. ஒரு முறை ஏமாற்றுகிற குலுக்கல் பலமுறையில் உண்மைக்கு அருகே வந்து நிற்பதைக் கண்ணால் கண்டோம். வெறும் நான்கு துண்டுகளைக் கொண்டு ஊரைச் சொல்வதில் எவ்வளவு ஆட்டம் உண்டு என்பதையும் கண்டோம். திட்ட விலக்கம் எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த ஆட்டத்தை அளப்பதற்குத்தான்.

இந்த விளையாட்டு அவர் கண்டுபிடித்ததன்று என்பதையும் அவரே சொன்னார். டப்ளின் நகரத்துக் கின்னஸ் ஆலையில் 1899இல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் சீலி காஸெட் என்பவருக்கு, நம்மைப் போலவே சில துண்டுகளின் விளைச்சலைக் கொண்டு பார்லிப் பயிரை மதிப்பிடும் தொல்லை இருந்தது. ஆக்ஸ்போர்டில் கணிதம் படித்தவர்தாம். ஆயினும் 1905இல் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனைத் தேடிச் சென்று யோசனை கேட்டார். அடுத்த ஆண்டு லண்டனுக்கே போய் அவரிடம் பயின்றார். 3,000 குற்றவாளிகளின் உடல் அளவுகளை அட்டைகளில் எழுதிக் குலுக்கி, நான்கு நான்காக 750 முறை எடுத்துப் பார்த்தவர் இவர். 1908இல் அதை வெளியிட்டபோது, சொந்தப் பெயரைப் போட ஆலை இசையாததால் ‘மாணவன்’ எனப் பொருள்படும் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். வேலையில் இருப்பவன் ஆசிரியரைத் தேடிப் போவதில் வெட்கம் ஏதும் இல்லை என்று எங்களுக்கு உணர்த்தியது இந்தக் கதைதான்.

பிறகு ஆசிரியர் சொன்னார்: “இனி ஒரு மாற்றம். 5 வந்தால், ‘அங்கே சேறாக இருக்கிறது’ என்று சொல்லித் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுங்கள்.” எடுத்தோம். 13, 13, 13, 13. அடுத்த முறையும் 13. இருபது முறை என்ன, இருநூறு முறை எடுத்தாலும் 13தான்.

எங்கள் நால்வரில் இருவர் முகம் வெளுத்துவிட்டது. அதன் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த ஊர்ச் சோதனை ஒன்றின்போது மேற்பார்வைக்குச் சென்றவர்களில் நாங்களும் இருந்தோம். எண்படி வந்த நான்கு வயல்களில் ஒன்று கடைமடையில் இருந்தது. முழங்கால் சேறு, வெயில் ஏறிவிட்டது. “சாலையோரம் என் வயலைப் பாருங்கள், ஊருக்கே பெருமை” என்று ஒருவர் அன்போடு அழைத்தார். உடனிருந்தவர்கள் யாவரும் இசைந்தனர்; நாங்களும் இசைந்தோம். ஒருவர் மனத்திலும் வஞ்சகம் இல்லை. எடை குறிக்கப்பட்டது.

அந்த விவரம்தான் எங்கள் பாடப்புத்தகமாக மேசைமேல் கிடந்தது. மூன்று துண்டுகள் 10.5, 11, 9.5 கிலோ, மாற்றி எடுத்த நான்காவது 11 கிலோ. சராசரி 10.5, ஹெக்டேருக்கு 4,200. விட்டுவந்த கடைமடை வயலில் 3 கிலோ கிடைத்திருக்கும் என்று கொண்டால் சராசரி 8.5, ஹெக்டேருக்கு 3,400. உத்தரவாத மகசூல் 4,000. குறைவு 600; அதாவது 15 விழுக்காடு. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் சூத்திரப்படி, காப்பீட்டுத் தொகையில் அதே 15 விழுக்காடு ஊரிலுள்ள காப்பீடு செய்த ஒவ்வொருவருக்கும், பெருமையோடு அழைத்த அந்தச் சாலையோர வயல்காரர் உட்பட, கிடைத்திருக்கும். 4,200 கிலோ எவன் வயலில் விளைந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நாங்கள் சேற்றில் இறங்காததால் விளைந்த நெல் அது.

அடுத்த கிராம சபையில் இதை அப்படியே சொன்னோம். காலம் கடந்துவிட்டமையால் பணத்தை மீட்க வழியில்லை. பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, “இனி எந்த வயல் என்று எண் வந்ததும் ஊரில் தண்டோரா போடுங்கள். பாதையில்லை என்றால் நாங்கள் பலகை போடுகிறோம்” என்றார். மறு ஆண்டு அப்படியே நடந்தது; கடைமடை வயலுக்கு நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தோம். அவ்வாண்டு மழை நன்கு பெய்து ஊரெல்லாம் விளைந்ததால் இழப்பீடு எவருக்கும் தேவைப்படவில்லை என்பது வேறு செய்தி.

உங்களிலும் சிலர் கற்க விரும்பலாம். கல்லூரியில் புள்ளியியலில் தடுமாறும் பிள்ளைக்கு ஆசிரியர் தேடும் பெற்றோரும் இங்கு இருப்பீர்கள். எங்கே தேடுவது? அருகில் உள்ள கல்லூரியில் புள்ளியியல் துறை இருந்தால் அங்கே கேளுங்கள். பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் எந்த வட்டாரத்திலும் ஒருவர் இருவர் இருப்பர். நாங்கள் செய்த தவறைச் செய்யாமல் முதலில் பக்கத்து அறையைத் தட்டுங்கள். பட்டங்களைக் கேட்பதைவிட, ஒரு நாள் பாடம் நடத்தச் சொல்லிப் பாருங்கள். ஊராட்சியின் குடிநீர்ப் பதிவேடோ, பால் சங்கக் கணக்கோ, உங்கள் ஏடு ஒன்றைக் கையில் கொடுங்கள். அதைப் புரட்டிப் பார்த்து உங்களைக் கேள்வி கேட்பவர் நல்லவர். ஓரமாக வைத்துவிட்டுச் சூத்திரம் எழுதத் தொடங்குபவரிடம் சற்று யோசித்துச் சேருங்கள். தேர்வு நெருங்கிய பிள்ளைக்கு மட்டும் இதில் விலக்கு. பாடத்திட்டத்தை முடிப்பவரே அப்பிள்ளைக்கு உடனடித் தேவை. பிள்ளையின் பயிற்சிக் கணக்கை ஆசிரியரே போட்டுக்கொடுக்கிறாரா என்று மாதம் ஒரு முறையாவது பாருங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் செலவு பங்காகும். பெண் பிள்ளைகளுக்கும் பொது இடத்தில் கூட்டமாகக் கற்பது வசதி. ஊதியத்தை முதலிலேயே பேசி, மாதத் தொடக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் ஆசிரியர் இப்போது சனிக்கிழமைதோறும் மாலை 5 மணிக்கு ஒன்றிய அலுவலகத்துப் பின்கூடத்தில் பாடம் சொல்கிறார். அந்தப் பெரியவரின் பேத்தியும் வருகிறாள். எங்களைவிட விரைவாகக் கணக்கிடுகிறாள். அவருடைய அட்டைப் பெட்டியை இன்று இரவல் வாங்கி வந்திருக்கிறோம். இதோ, மேசைமேல் இருக்கிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து, கண்ணை மூடிக்கொண்டு நான்கு அட்டை எடுங்கள், கரும்பலகையில் எழுதுவோம்.