ஊசி பிடித்த கை: கிறிஸ்டோபல் பலென்சியாகா



வாழ்நாள் முழுவதும் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியையின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. உலகப் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. பாரிஸின் பெரிய ஆடையகங்களில் படம் வரையத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். துணியைத் தேர்ந்து, வெட்டி, இணைத்து, கடைசித் தையல் வரை தன் கையாலேயே முடிக்கத் தெரிந்தவர் பலென்சியாகா ஒருவர்தான் என்று கோகோ ஷனேல் சொன்னதாகச் சொல்வார்கள். தொழில் போட்டியில் யாரையும் எளிதில் பாராட்டாதவர் ஷனேல். இன்னொரு போட்டியாளரான கிறிஸ்டியன் டியோரும் பலென்சியாகாவைத் தங்கள் எல்லோருக்கும் ஆசான் என்றே மதித்தார்.

கிறிஸ்டோபல் பலென்சியாகா 1895 ஜனவரி 21 அன்று ஸ்பெயினின் வடகரையில், பாஸ்க் நாட்டு மீனவ ஊரான கெட்டாரியாவில் பிறந்தார். தந்தை கடலோடி. பையனுக்குப் பதினொரு வயதானபோது அவர் இறந்துவிட்டார். தாய் மார்ட்டினா எய்சாகிர்ரே தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். கோடைக்கு அந்த ஊருக்கு வந்து தங்கும் காசா டோரஸ் சீமாட்டியின் மாளிகைக்குத் தைத்துக் கொடுப்பவர் அவர். அம்மாவுடன் போய்வந்த பையன் சீமாட்டி உடுத்தியிருந்த பாரிஸ் உடையை உற்றுப் பார்த்தான் என்றும், அதைப்போலவே தன்னால் தைக்க முடியும் என்று சொன்னான் என்றும், அந்த அம்மையார் உடையையும் துணியையும் அவனிடம் கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பன்னிரண்டு வயதில் அவர் சான் செபாஸ்டியன் நகரத்துத் தையற்கடையில் வேலை பழகச் சேர்ந்தது உண்மை. 1917இல் அதே நகரில் சொந்தக் கடை திறந்தார். பிறகு மாட்ரிட், பார்சிலோனா. ஸ்பெயின் கடைகளுக்குப் பின்னாளில் வைத்த ‘எய்சா’ என்ற பெயர், தாயின் குடும்பப் பெயரிலிருந்து எடுத்தது.

1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கடைகளை மூடிவிட்டு நாட்டை விட்டு வெளியேறினார். 1937 ஆகஸ்டில் பாரிஸின் ஐந்தாம் ஜார்ஜ் அவென்யூ, 10ஆம் எண் கட்டடத்தில் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். அப்போது அவருக்கு 42 வயது. இன்றைய மாணவர்கள் 25 வயதுக்குள் பெயர் எடுக்கவில்லையே என்று தவிக்கிறார்கள். பாரிஸுக்குள் கால்வைக்கும் முன் இவர் முப்பது ஆண்டு ஊசியோடு இருந்தவர் என்பதை அவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

அவருடைய கலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் சட்டைக் கையைக் காட்டுவேன். தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு மேலாடையில் ஏமாற்ற முடியாத இடம் கைக்குழி. கழுத்தில் வரும் பிழையைக் காலர் மறைக்கும். இடுப்பில் வரும் பிழையை டக் பிடித்துச் சரிசெய்யலாம். கைக்குழி ஆழமானால் கையைத் தூக்கும்போது உடை முழுவதும் மேலே ஏறும். குறுகினால் அக்குள் பிடிக்கும். கையின் மேல்வளைவில் இருக்கும் கூடுதல் துணியைச் சுருக்கம் தெரியாமல் குழிக்குள் அடக்கி இழுப்பது தேர்ந்த கட்டிங் மாஸ்டருக்கே சவால். பலென்சியாகாவுக்கு அது வாழ்நாள் வேட்கை. ஃபிட்டிங்கின்போது தையல் சற்றே இழுத்தாலும், முடிந்த கோட்டின் கையைக் கட்டைவிரலால் பிய்த்து எடுத்து, குண்டூசி குத்தி மீண்டும் பொருத்துவாராம். தன் கடையில் தைக்காத உடையோடு வந்த நண்பர்களின் கையையும் அப்படிப் பிரித்துப் போட்டார் என்று பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு கறுப்பு உடையை வெட்டுவது முதல் முடிப்பது வரை தானே செய்வார் என்றும் சொல்வார்கள்.

அந்தக் கையை அவர் மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே நிறுத்தினார். காலரைக் கழுத்தை விட்டுப் பின்னால் தள்ளினார். மணிக்கட்டும் பிடரியும் எந்த வயதிலும் பெண்ணுக்கு அழகு குறையாத இடங்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். வயிறு சரிந்த, முதுகு வளைந்த, ஐம்பது கடந்த பெண்களும் அவருடைய வாடிக்கையாளர்கள். 1947இல் டியோர் இடுப்பை இறுக்கிக் கட்டி உலகை மயக்கிய காலத்தில், இவர் எதிர்த்திசையில் நடந்தார். 1950களின் தொடக்கத்தில் முன்பக்கம் உடலோடு ஒட்டி, பின்பக்கம் தளர்ந்து விழும் கோட்டு வந்தது. 1955இல் நீண்ட நேர்கோட்டு உடை. 1957இல் இடுப்பே இல்லாத சாக்கு உடை. பத்திரிகைகள் அதைக் கேலி செய்தன. உடலுக்கும் துணிக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட்ட அந்த வெட்டிலிருந்துதான் 1960களின் உடை முழுவதும் கிளைத்தது. அந்த நூற்றாண்டில் பெண்ணின் இடுப்புக்கு விடுதலை தந்தவர்களில் அவரை முன்வரிசையில் வைப்பேன்.

துணியிலும் அவருக்குத் திருப்தி வரவில்லை.  எடை குறைவாகவும் நினைத்த வடிவத்தில் நிற்பதாகவும் ஒரு பட்டு அவருக்குத் தேவைப்பட்டது. 1958இல் சூரிக் நகரத்து ஆபிரகாம் நிறுவனத்தின் குஸ்தாவ் சும்ஸ்டெக்குடன் சேர்ந்து ‘காசார்’ என்ற பட்டை உருவாக்கினார். நூலை அதிக முறுக்கேற்றி, இரட்டை இழையாக நெய்த துணி அது. தொட்டால் மொறுமொறுப்பு. எடை குறைவு. மடித்த இடத்தில் மடிந்தபடி நிற்கும். உள்ளே கேன்வாஸ் வைக்காமலே கூம்பாகவும் குடையாகவும் எழும். 1967இல் அந்தத் துணியில் அவர் செய்த மணமகள் உடை ஜோடனை எதுவும் இல்லாதது. பூவேலை இல்லை, மணி இல்லை, சரிகை இல்லை. அதற்கு முன் அதே பத்தாண்டில், ஒரே தையலில் முழுக் கோட்டையும் முடித்துக் காட்டினார். நூலோட்டம் தெரிந்தவர் தவிர வேறு யாரால் அப்படி வெட்டத் துணிய முடியும்?

2017இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்காக அவருடைய உடைகளை எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே பூவிதழ்போல மிதக்கும் உடைக்குள் வடிவத்தைத் தாங்கும் கம்பிகள், இடுப்பில் மறைத்துக் கட்டிய பட்டைகள், விளிம்பு சரியாகத் தொங்குவதற்காகத் தைத்த சிறு எடைகள் எல்லாம் தெரிந்தன. உடுத்தியவருக்கே அவற்றில் பாதி தெரிந்திருக்காது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் அரசியல் பேசவே இல்லை. ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்த ஆண்டுகளிலும் அவருடைய கடை நடந்தது. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் மனைவி அவருடைய வாடிக்கையாளர். 1972 மார்ச்சில் நடந்த ஃபிராங்கோவின் பேத்தியின் திருமணத்துக்கு அவர் செய்த மணமகள் உடையே அவருடைய கடைசி வேலை. கலைஞர் என்பதற்காக அந்த மௌனத்தை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன். அவருடைய வாழ்க்கையை முழுவதும் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தன்னைப் பற்றியும் அவர் மிக அரிதாகவே பேசினார். தன் ஆடைக் காட்சிகளின் முடிவில் மேடையேறியதில்லை. வாழ்க்கைத் துணையும் தொழில் துணையுமாக இருந்த விளாட்சியோ தத்தேன்வில் 1948இல் இறந்தபோது, கடையையே மூடிவிட நினைத்தார் என்பார்கள். 1950களின் பிற்பாதியில் பத்திரிகையாளர்களை முதல்நாள் காட்சியிலிருந்து விலக்கி, மற்றவர்களுக்குச் சுமார் ஒரு மாதம் கழித்தே அவர்களுக்குக் காட்டினார். சக வடிவமைப்பாளர் ஊபேர் ஜிவான்ஷியும் அவரைப் பின்பற்றினார். தையற்கூடத்தில் பேச்சொலி கேட்காது. அந்தக் கூடத்தில் வேலை பழகிய ஆந்த்ரே கூர்ரேஜ், எமானுவேல் உங்காரோ இருவரும் 1960களின் பாரிஸை மாற்றினார்கள்.

1968இல், 73 வயதில், கடையை மூடினார். ஆயத்த ஆடைகளின் காலம் வந்திருந்தது. தன் பெயரை உரிமம் கொடுத்து எங்கோ ஓர் ஆலையில் தைக்கவிட அவர் மனம் ஒப்பவில்லை. அந்தச் சமயத்தில் ஏர் பிரான்ஸ் விமானப் பணிப்பெண்களுக்காகச் செய்த சீருடைதான், அளவெடுக்காத உடல்களுக்கு அவர் பெரிய அளவில் வெட்டியது. 1972 மார்ச் 23 அன்று ஸ்பெயினில் காலமானார். அடக்கம் கெட்டாரியாவில். அவருடைய பெயர் இன்று ஆடம்பரப் பொருள் நிறுவனமான கெரிங் குழுமத்திடம் இருக்கிறது. 53 ஆண்டுக்குப் பிறகு, 2021 ஜூலையில், அதே 10ஆம் எண் கட்டடத்தில் அந்தப் பெயரில் உயர்தர ஆடைக் காட்சி மீண்டும் தொடங்கியது. பெயரைப் பார்த்து அவரை மதிப்பிட வேண்டாம். 2011இல் திறந்த கெட்டாரியா அருங்காட்சியகத்தில் அவர் தைத்தவை இருக்கின்றன. அவற்றைப் பார்த்து மதிப்பிடுங்கள்.

நிறைவாக, இங்கே வீற்றிருக்கும் கல்லூரி நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். ஆடை வடிவமைப்புப் படிப்புகளில் படம் வரைவதற்கும் கணினிக்கும் மணிக்கணக்கில் நேரம் ஒதுக்குகிறோம். தையலுக்கும் வெட்டுக்கும் மிச்ச நேரம்தான் கிடைக்கிறது. தையல் சொல்லித்தருபவரைப் பல இடங்களில் உதவியாளர் என்ற நிலையிலேயே வைத்திருக்கிறோம். முதலாண்டு முழுவதும் மாணவர்கள் ஊசியோடும் கத்தரிக்கோலோடும் இருக்கட்டும். அவர்களுக்குக் கற்றுத்தரும் கட்டிங் மாஸ்டருக்குப் பேராசிரியருக்கு நிகரான இருக்கையும் ஊதியமும் கொடுங்கள். இந்தச் சொற்பொழிவு நினைவுகூரும் ஆசிரியையின் பெயரில் அதை இந்தக் கல்லூரியே தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.