திறவுகோல் நம் கையில் இருக்கட்டும்



எழுத்தறியாமையால் நம் முன்னோர் இழந்தவை ஏராளம். எழுதாத தாளில் கைநாட்டு வைத்து, நிலத்தையும் கூலியையும் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைகள் படித்துவிட்டால் அவ்வேமாற்று ஒழியும் என்ற நம்பிக்கையில்தான் இத்தகைய கழகங்கள் தோன்றின. அந்நம்பிக்கை வீண்போகவில்லை. ஆயினும், படித்தவரையும் ஏமாற்றும் புதுவகைக் களவு ஒன்று இன்று கைப்பேசி வழியே வீட்டுக்குள் நுழைகிறது. வங்கியின் பெயரிலோ அரசுத் துறையின் பெயரிலோ மின்னஞ்சல் விடுத்து, நம் கடவுச்சொல்லை நம்மிடமே கேட்டுப் பெறும் களவு அது. 'பிஷிங்' என்று அதற்குப் பெயர்.

2007ஆம் ஆண்டில், வெளிநாட்டில் பணியாற்றிய தமிழர் ஒருவருக்கு அத்தகைய மின்னஞ்சல் வந்தது. தூத்துக்குடியில் அவர் கணக்கு வைத்திருந்த ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி அனுப்பியது போலவே அது தோன்றிற்று. கேட்ட விவரங்களை அவர் அளித்தார். கணக்கிலிருந்த பணம் வேறொரு கணக்கிற்குப் போயிற்று. அவர் வெட்கி வாயடைத்திருக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி முறையிட்டார். 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாயை வங்கி அவருக்கு வழங்கவேண்டுமென, தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் 2010 ஏப்ரலில் ஆணையிட்டார். அவ்வாணை பிறப்பதற்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அத்தனை காலம் காத்திருக்க நம் குடும்பங்களால் இயலுமா?

நம் மாணவரின் உதவித்தொகை அவரவர் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. கல்லூரி விண்ணப்பம், கலந்தாய்வு ஆகிய அனைத்திற்கும் மின்னஞ்சலே வாயில். பிற கணக்குகளின் கடவுச்சொல் மறந்துபோனால், அதை மாற்றும் வழியும் பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வரும். ஆதலால் மின்னஞ்சலைக் கவர்ந்தவன் மற்றவற்றையும் கவர்வான். கணினி மையத்தார் தொடங்கித் தந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் அவர்களது குறிப்பேட்டிலேயே கிடக்குமானால், இன்றே அதை மாற்றிவிடுங்கள்.

போலியை அறிவது எப்படி? வேப்பந்தட்டைப் பகுதி உழவர் பருத்தி விதை வாங்கும்போது பையின் மேலுள்ள படத்தையா நம்புகின்றனர்? சான்றட்டையை அல்லவா படிக்கின்றனர்! மின்னஞ்சலிலும் பெயரும் சின்னமும் படம் போன்றவையே, எவரும் ஒட்டலாம். முகவரியே சான்றட்டை. இணைப்பின் மீது விரலைச் சற்று அழுத்தி வைத்தால், அது செல்லுமிடம் தெரியும். அதன் முதல் ஒற்றைச் சாய்கோட்டிற்கு முன்னுள்ள இறுதிப் பகுதியைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு ஆணைப்படி, வங்கிகளின் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என முடிதல் வேண்டும். அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'டாட் ஜிஓவி டாட் இன்' என முடியும். "இன்றிரவுக்குள் கணக்கு முடக்கப்படும்" என்ற அச்சமும், "உதவித்தொகை காத்திருக்கிறது" என்ற ஆசையும் நம்மைச் சிந்திக்க விடாமல் விரட்டும் தந்திரங்கள். அத்தகைய இணைப்பைத் தொடாமல், முகவரியை நாமே தட்டெழுதிச் சென்று பார்ப்பதே நன்று. கடவுச்சொல்லையோ ஒருமுறைக் கடவெண்ணையோ எந்த வங்கியும் கேட்பதில்லை. மின்னஞ்சலுக்கு இருபடிச் சரிபார்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டால் உடனே கடவுச்சொல்லை மாற்றுக, வங்கிக்கு அறிவிக்க, 1930 என்ற எண்ணை அழைக்க. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிப்படி, கடவுச்சொல்லை நாமே கொடுத்து நேர்ந்த இழப்பு, வங்கிக்கு அறிவிக்கும் வரை நம்மைச் சாரும். அறிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும். ஆகவே தாமதமே பெருநட்டம். பிறர் கடவுச்சொல்லைக் கவர்ந்து பயன்படுத்துவோர்க்கு, சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஏமாந்து வந்து நின்றால் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்த முறை மறைப்பான். மறைத்தால் பணமும் போகும், படிப்பும் தடைப்படும். மாணவர்களே, இன்று கேட்டதை இரவே உங்கள் வீட்டாருக்கும் தெருவாருக்கும் எடுத்துக் கூறுங்கள். கற்றதைப் பிறர்க்குக் கற்பிப்பதே இக்கழகம் 25 ஆண்டுகளாக ஆற்றிவரும் பணி. அப்பணி மேலும் ஓங்குக!