காற்றை நிறுக்கும் தராசு

(வடுகபட்டியில் கூடிய சுற்றுவட்டார ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் நடக்கும் விதத்தை நாம் எல்லோரும் அறிவோம். மூட்டையை ஏற்றுமுன் வாங்குகிறவர் முதலில் வெறுந்தராசைத்தான் பார்க்கிறார். அது பூஜ்யத்தில் நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகே மூட்டையை ஏற்றச் சொல்கிறார். கால் கிலோ தள்ளி நின்றாலும் அங்கேயே சச்சரவு கிளம்பிவிடும். ஆனால் காற்றை நிறுக்கும் தராசு ஒன்று வானிலை நிலையக் கம்பத்தின் உச்சியில் இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அது பூஜ்யத்தில் நிற்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. அதைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறோம்.

காற்றின் குணத்தை இந்தச் சீமையாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய்களின் வழியே இறங்கும் மேல்காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று குலை தள்ளிய வாழையையும் சாய்க்கிறது. மருந்து தெளிக்கிறவருக்கும் காற்றின் வேகம் தெரிந்தாக வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் மருந்து நம் பயிரில் படியாமல் அடுத்தவர் தோட்டத்துக்குப் போய்விடும். வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டிலோ, மழை, வெப்பம் இவற்றோடு காற்றின் அளவும் இழப்பைக் கணக்கிட உதவும் ஒரு சான்றாக நிற்கிறது.

முற்காலத்தில் காற்றை அளக்கக் கிண்ணக் கருவியே இருந்தது. 1846இல் அயர்லாந்து நாட்டு ராபின்சன் என்பவர் அமைத்தது அது. இன்றும் பல நிலையங்களில் அது சுழல்கிறது. புதிதாக வந்துள்ள மீயொலிக் கருவியில் சுழல்வது எதுவுமில்லை. சிறு கைகளின் நுனியில் பொத்தான் போன்ற நான்கு உறுப்புகள் எதிரெதிராக அமைந்திருக்கும். நம் செவிக்கு எட்டாத ஒலியை ஒன்று அனுப்ப, எதிரே உள்ளது வாங்கிக்கொள்ளும். பிறகு அது அனுப்ப, இது வாங்கும். ஆற்றில் நீரோட்டத்தோடு நீந்துகிறவன் சீக்கிரம் சேருகிறான், எதிர்த்து நீந்துகிறவன் தாமதிக்கிறான் அல்லவா? ஒலியும் அவ்வாறே. இரு உறுப்புகளுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று வீசும்போது, அதோடு செல்லும் ஒலிக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் சுமார் 562 பங்கும், எதிர்த்து வரும் ஒலிக்குச் சுமார் 595 பங்கும் பிடிக்கும். இந்த 33 பங்கு வேற்றுமையிலிருந்துதான் கருவி வேகத்தைக் கணக்கிடுகிறது. வெயிலில் ஒலியின் வேகம் சற்றுக் கூடும். இரு திசையிலும் அளப்பதால் அந்தக் கூடுதல் கணக்கைக் கெடுப்பதில்லை.

தேய்வதற்கு ஏதுமில்லை, எண்ணெய் போட வேண்டியதில்லை என்பது இதன் பெருமை. நாம் ஏமாந்து போவதும் இந்தப் பெருமையினால்தான். கிண்ணம் நின்றுவிட்டால் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். இந்தக் கருவி நின்றாலும் ஓடினாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

நாங்கள் முன்பு பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். சித்திரை மாதத்து மாலையில் ஒரு சூறைக்காற்று கிளம்பி அறுவடைக்கு நெருங்கிய வாழைகளைப் படுக்க வைத்துவிட்டது. விவசாயிகள் வந்து, அன்றைய காற்றின் பதிவைக் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால், அன்றைக்கு மட்டுமல்ல, முந்தைய மூன்று வாரத்துக்கும் பூஜ்யம் என்றே இருந்தது. கம்பத்தை இறக்கியபோது கருவியின் இரு கைகளுக்கு நடுவே மண்குளவி கூடு கட்டியிருந்தது. ஒலி போக வழியில்லை. கருவி தன் கடமையைச் செய்து, 'அளக்க இயலவில்லை' என்ற நிலைக்குறியை ஒவ்வொரு முறையும் அனுப்பியிருக்கிறது. பதிவுப் பெட்டி அந்தக் குறியை விட்டுவிட்டு, வெற்றிடத்தில் பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போயிருக்கிறது. வாழை மண்ணில் கிடந்தது. ஏட்டிலோ காற்றே வீசவில்லை. அந்தச் சான்றை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அந்தக் கம்பத்தைக் கடந்து வாரம் இருமுறை ஜீப்பில் போய்க்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தாம்.

ஆகவே முதலில் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். பூஜ்யம் வேறு, வெறுமை வேறு. மரக்கிளை ஆடும்போது ஏட்டில் பூஜ்யம் வருமானால் அது காற்றில்லை என்பதன் அடையாளமல்ல, கோளாற்றின் அடையாளம். சிலந்திவலை, குளவிக்கூடு, பறவையின் எச்சம், வந்து உட்காரும் காகம், எல்லாம் ஒலியின் பாதையை மறிக்கும். பஞ்சாயத்தில் ஒருவர் காலையில் கைபேசியில் வரும் அளவைப் பார்த்து, பிறகு வெளியே வந்து தென்னையின் ஓலையைப் பார்த்தால் போதும். இதற்குப் பட்டம் தேவையில்லை.

பதிவு அறவே வராமல் போனால் எந்த நேரத்தில் நின்றது என்று கவனியுங்கள். பகலெல்லாம் வந்து, விடியற்காலையில் மட்டும் விடுபட்டால் மின்கலம் களைத்துவிட்டது என்று பொருள். 12 வோல்ட் கலம் விடியும்போது 12க்குக் கீழே காட்டினால் அதை மாற்றும் நாள் நெருங்கிவிட்டது. ஆனால் புதுக் கலம் கேட்டு எங்களுக்கு எழுதுமுன் சூரியத் தகட்டின் மேலுள்ள புழுதியைத் துடைத்துப் பாருங்கள். பல சமயம் அதிலேயே காரியம் முடிந்துவிடும். காற்று பலமாக அடிக்கும்போது மட்டும் பதிவு விட்டு விட்டு வந்தால் கம்பி இணைப்பு தளர்ந்திருக்கும். கம்பியை எலி கடிப்பதும் உண்டு. அதைக் குழாய்க்குள் விட்டு, குழாயின் வாயை அடைத்து வைக்க வேண்டும்.

மழையில் மட்டும் நம்ப முடியாத வேகம் ஓரிரு முறை வந்து மறைந்தால் பதற வேண்டாம். உறுப்பின் முகத்தில் நீர்த்துளி தங்கியிருக்கும், காய்ந்தால் சரியாகிவிடும். இடி மின்னல் நேரத்தில் கம்பத்தின் அருகே எவரும் போகக் கூடாது. இதில் வீரம் காட்ட வேண்டியதில்லை.

திசை தவறுவது வேறு கதை. கருவியின் உடலில் வடக்குக் குறி ஒன்று இருக்கும். கம்பத்தைச் சாய்த்து நிமிர்த்தும்போது அந்தக் குறி திரும்பிப் போய், மேல்காற்று தென்றலாகப் பதிவாகும். திசைகாட்டியை இரும்புக் கம்பத்தின் பக்கத்தில் வைத்தால் அது பொய் சொல்லும். பத்து அடி தள்ளி நின்று பார்த்து, குறியை வடக்குக்கு நேராக வையுங்கள். பிறகு கொம்பில் ஒரு துணிக்கீற்றைக் கட்டிப் பறக்கவிட்டு, கருவி சொல்லும் திசையோடு ஒப்பிடுங்கள்.

கருவியைச் சுத்தம் செய்ய மென்மையான துணியும் சிறிது சோப்பு நீரும் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கூடாது. பம்புசெட்டுக் குழாயைத் திருப்பி அடிக்கவும் கூடாது. பொத்தான்களைக் குச்சியால் நோண்டினாலும், கைகளைச் சற்று வளைத்தாலும் நாம் முன்பு சொன்ன நுட்பமான கணக்குத் தப்பிவிடும். பிறகு அதைச் சரிசெய்வது உற்பத்திச் சாலையில்தான் முடியும்.

இன்னொன்று, பஞ்சாயத்தின் கையில் மட்டுமே உள்ளது. தடையாக நிற்கும் எதுவும் தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது விதி. பத்து மீட்டர் மாமரம் என்றால் நூறு மீட்டர் தள்ளி. நிலையம் வைத்த அன்று வெட்டவெளியாக இருந்த இடத்தில், நல்லெண்ணத்தோடு நாமே மரம் நட்டுவிடுகிறோம். மரம் நடுவிழாவுக்கு இடம் குறிக்கும்போது இதை மறக்கலாகாது. (சென்ற முறை மறந்தவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள், எங்களையும் சேர்த்துத்தான்.)

இனி அந்த வெறுந்தராசுப் பரிசோதனை. மாதம் ஒருமுறை, காற்றடங்கிய காலை வேளையில், உட்புறம் துணி ஒட்டிய அட்டைப்பெட்டியைக் கருவியின் தலைமேல் கவிழ்க்க வேண்டும். ஒலி செல்லும் பாதையில் பெட்டியோ துணியோ குறுக்கிடலாகாது. அப்போது அளவு பூஜ்யத்தில் அல்லது அதையொட்டி நிற்க வேண்டும். நில்லாவிட்டால் நீங்கள் திருத்த முயலாமல் தேதியையும் அளவையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பெட்டி கவிழ்த்த நேரத்தையும், எடுத்த நேரத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் நாம் செய்த பரிசோதனையே பொய்ப் பூஜ்யமாக ஏட்டில் ஏறிவிடும்.

நம் நிலையத்துக் கம்பம் அடியில் கீல் வைத்தது. நால்வர் சேர்ந்தால் மெல்லச் சாய்த்துவிடலாம். நாளைக் காலை ஆறரை மணிக்கு, மேல்காற்று எழுமுன், அதைச் செய்து பார்க்கப் போகிறோம். அட்டைப்பெட்டி எங்களிடம் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தை யார் பொறுப்பில் வைப்பது என்பதைத் தலைவர்கள் இப்போதே கூடிப் பேசி, கூட்டம் கலையுமுன் பெயரைச் சொல்லிவிடுங்கள்.