வெளியேறச் சொன்னவர்கள் திரும்பும் நாளையும் சொல்லட்டும்

ஆடி பிறந்தால் நம் கொல்லிமலைச் செம்மேட்டில், கொல்லியை ஆண்ட வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. அந்த ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் முள்ளூர் மன்னன் காரி என்று அகநானூற்றின் 209ஆம் பாட்டு சொல்கிறது. ஒருவன் கொடுத்தான், ஒருவன் வாங்கினான். மலையில் குடியிருந்தவர்களைக் கேட்டதாகச் செய்தி இல்லை. சங்கப் புலவர் கபிலர் மட்டும் தெருப்பக்கம் காது வைத்திருக்கிறார். ஓரியை வீழ்த்திவிட்டு அவனுடைய பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த பேரொலி, நற்றிணை 320இல் ஓர் உவமையாக நிற்கிறது. அகப்பாட்டுக்குள் ஒளிந்துகொண்ட போர்ச் செய்தி அது! மறுநாள் அந்தத் தெருவில் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்பதற்கு ஏட்டில் விடை இல்லை. போரை அளக்க அந்தக் கேள்வியே சரியான கோல் என்பது என் கட்சி.

அந்தக் கோலை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பாருங்கள். 1990 ஜூனில் இலங்கை இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மறுபடி மூண்டது. பலாலி விமானத் தளத்தையும் காங்கேசன்துறையையும் சுற்றிய வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்கள் காணி உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது, வலயம் முடியவில்லை. மயிலிட்டித் துறைமுகம் மீனவர் கைக்கு வர 2017 ஜூலை ஆயிற்று. அதுவரை கடற்கரையில் பிறந்தவர்கள் கோணப்புலம் போன்ற முகாம்களில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். வன்னியில் போரின் கடைசிக் கட்டத்தில் தப்பி வந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மெனிக் பாம் முகாமில் கம்பிவேலிக்குள் வைத்தார்கள். அது மூடப்பட்டது 2012 செப்டம்பரில்.

“சண்டை நடக்கும் இடத்திலிருந்து மக்களை அகற்றாமல் சாகவிடச் சொல்கிறாயா?” என்று கேட்பார்கள். அகற்றட்டும், உயிர்தான் முதலில். ஆனால் உயிரைக் காக்க அகற்றியவன், ஆபத்து தீர்ந்ததும் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் காத்தது உயிரையா, காணியையா? போருக்குப் பின்னும் தளத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது அடுத்த சமாதானம். ஓடுபாதையை ஒட்டிய சில ஏக்கருக்கு அந்த வாதம் பொருந்தலாம். காங்கேசன்துறைக் கடலோரத்தில் இராணுவமே தல்செவன என்ற சுற்றுலா விடுதியை நடத்தியதே, அங்கே எந்தப் பகைவனைத் தடுத்தார்கள்? 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனிவா உடன்படிக்கை, 49ஆம் பிரிவில், அகற்றப்பட்டவர்களைச் சண்டை ஓய்ந்ததும் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. அயல்நாட்டுப் படை பிடித்த மண்ணுக்கான சட்டம் அது, உள்நாட்டுப் போருக்குச் செல்லாது என்பார்கள் வழக்கறிஞர்கள். இருக்கட்டும். பிடிபட்ட அந்நியருக்கே செய்தாக வேண்டியதைத் தன் குடிமக்களுக்குச் செய்யக் கடமையில்லை என்று ஓர் அரசு வாதாடினால், அந்த வாதத்தில் வென்றாலும் மானம் போகும்.

“புலிகள் செய்யவில்லையா?” என்ற கேள்வியையும் நான் ஒதுக்கமாட்டேன். செய்தார்கள். 1990 அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குச் சில மணி நேரம் மட்டும் கொடுத்துத் துரத்தினார்கள். அதே அக்டோபர் 30, 1995இல், இராணுவம் நெருங்கியபோது, யாழ்ப்பாணத்துத் தமிழர்களையும் தென்மராட்சி நோக்கி நடக்கவைத்தது அவர்களின் அறிவிப்புதான். முதல் வெளியேற்றத்தைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு இரண்டாவதற்கு மட்டும் அழுகிறவனோடு எனக்கு உடன்பாடு இல்லை. சீருடை எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: திரும்பும் நாள் எது?

கடல் கடந்த வழக்கு கொல்லிமலைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். மலைக்குக் கீழே, நம் நாமக்கல் மாவட்டத்திலேயே ஈழத்திலிருந்து வந்தவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள். அகதிகள் முகாம் என்ற பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. பெயர்ப்பலகை மாறியதால் குடியுரிமை வந்துவிடவில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. கொழும்பு, தன் கையில் வைத்திருக்கும் தனியார் காணி ஒவ்வொன்றுக்கும் உறுதிப்பத்திரம் யார் பெயரில் உள்ளது, எந்தத் தேதியில் ஒப்படைக்கப்படும் என்று எழுதி வெளியிட வேண்டும். தில்லி, திரும்பிப் போக விரும்புகிறவருக்கு வழியும் இங்கேயே இருக்க விரும்புகிறவருக்குக் குடியுரிமையும் தர வேண்டும்.