ஒரு நோய்க்கு இரு நீதியா?

(மகளிர் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

குலத்துக்கு ஒரு நீதி கூடாது என்று மேடைதோறும் முழங்கி வருகிறோம். நாட்டுக்கு ஒரு நீதியும் கூடாது என்று முழங்க வேண்டிய செய்தி ஒன்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்! பெயரைச் சொல்லவே நம் தாய்மார்கள் கூசுகிறார்கள். கூச்சத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டுக் கணக்கைக் கேளுங்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகிலே ஏறத்தாழ 6,60,000 பெண்களை அந்நோய் பற்றியது. ஏறத்தாழ 3,50,000 பெண்கள் மாண்டனர். மாண்டவர்கள் எந்நாட்டினர்? நூற்றுக்கு 94 பேர் ஏழை நாட்டினர், நடுத்தர வருவாய் நாட்டினர்! இந்தியாவில் மட்டும் அவ்வாண்டு ஏறக்குறைய 80,000 பெண்கள்!

விதி என்பர் சிலர். முன்வினை என்பர் வேறு சிலர். விதி என்ன, நாட்டின் வருவாய்க் கணக்கைப் பார்த்துவிட்டா வாசலைத் தட்டுகிறது? இல்லை தோழர்களே! இது தடுக்கத்தக்க நோய். ஒருவகை வைரஸ் கிருமியே காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசன் 1980களில் எடுத்துக்காட்டினார். 2008இல் நோபல் பரிசும் பெற்றார். கிருமி தொற்றிப் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நீண்ட தவணை தரும் பகைவன் வேறு யார்? இளமையிலே ஊசி, நடுவயதிலே சோதனை, கண்டவுடனே சிகிச்சை! மூன்றும் இருந்தால் இந்நோயை வீழ்த்தலாம்.

ஊசி 2006இலேயே வந்துவிட்டது. விலை? அமெரிக்காவில் ஒரு தவணைக்கு ஏறத்தாழ 120 டாலர். மூன்று தவணைக்கு 360 டாலர்! கூலிக்காரன் மகளுக்கு எட்டுமா? ஆனால் 2013இல், ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கித்தரும் 'கவி' என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு பேரம் பேசிற்று. தவணைக்கு ஏறத்தாழ நாலரை டாலர் என்று விலை இறங்கிற்று. விலை என்பது இயற்கை வகுத்ததன்று, மனிதர் வகுத்தது. மனிதர் முனைந்தால் மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பணமில்லாத நாட்டால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் ருவாண்டாவைப் பார்க்கட்டும். 1994இல் இனப்படுகொலையின் இரத்த வெள்ளத்தில் மூழ்கிய சின்னஞ்சிறு நாடு. 2011இல் அந்நாடு, ஆப்பிரிக்காவிலேயே முதன்முதலாக நாடு முழுதும் சிறுமியருக்கு இவ்வூசியைப் போட்டது. மருந்தை முதலில் நிறுவனம் நன்கொடையாகத் தந்தது. ஆனால் அதனைப் பள்ளிதோறும் கொண்டு சென்றவர்கள் யார்? பள்ளிக்கு வராத பெண்ணை வீடு தேடிக் கண்டவர்கள் யார்? அந்நாட்டு ஆசிரியர்கள், சிற்றூர்ச் சுகாதாரத் தொண்டர்கள்! நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஊசி பெற்றனர்.

சோதனைக்கும் எடுத்துக்காட்டு வேண்டுமா? நம் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு வாருங்கள். 2000ஆம் ஆண்டு முதல் அங்கே ஓர் ஆய்வு நடந்தது. காடியிலே உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த கரைசலாக்கிக் கருப்பை வாயில் தடவிப் பார்ப்பார்கள். மாறுபட்ட திசு வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்தனர். 30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 பெண்களுக்கு அழைப்பு. வந்தவர் 31,343 பேர். அழைப்புப் பெற்ற ஊர்களில் இந்நோய்ச் சாவு, மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் உலகமறிய வெளியிட்டனர். ஊரருகே வந்த சோதனைக்கும் ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை என்பதையும் மறவாதீர்கள். அதனைப் பிறகு சொல்கிறேன்.

2020இல் உலகச் சுகாதார நிறுவனம் 2030ஆம் ஆண்டுக்கு மூன்று குறிகளை வைத்தது. 15 வயதுக்குள் 90 சதவீதச் சிறுமியருக்கு ஊசி. 35 வயதுக்குள் ஒருமுறை, 45 வயதுக்குள் மறுமுறை, 70 சதவீதப் பெண்களுக்குச் சோதனை. நோய் கண்டவரில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை.

மூன்றாவதுதான் முட்டுக்கட்டை! மார்பகப் புற்றைப் பாருங்கள். மிக முன்னேறிய நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு அந்நோய் வருகிறது; 71 பேரில் ஒருவர்தாம் அதனால் இறக்கிறார். பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்கே நோய் கண்டறியப்படுகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார்! நோய் அங்கே மிகுதி, சாவு இங்கே மிகுதி. இதுவா நீதி? 2022இல் பன்னாட்டு அணுசக்தி முகமை புற்றுநோய்க் கதிர் சிகிச்சைக்கெனத் திட்டம் தொடங்கிய வேளையில், ஆப்பிரிக்காவில் 20க்கு மேற்பட்ட நாடுகளில் ஒரு கதிர்வீச்சுக் கருவிகூட இல்லை. அணுவைப் பிளந்து குண்டு செய்யத் தெரிந்த உலகம், அதே அறிவைத் தாயின் உயிர் காக்கப் பகிர்ந்து கொள்ளவில்லை!

இந்நிலையில், கவிக்கு இனிப் பணம் தரமாட்டோம் என்று 2025 ஜூன் மாதம் அமெரிக்க நல்வாழ்வு அமைச்சர் அறிவித்தார். அவர் பணம், அவர் விருப்பம் என்பார் உண்டு. நான் கூறுவது வேறு. கொடுப்பவன் கை மடங்கினால் நம் மகளின் உயிர் ஊசலாடும் என்ற நிலையே கூடாது! ஒரே தவணை ஊசியும் போதும் என்று 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 2023இல் இந்தியாவிலேயே செய்த ஊசியும் விற்பனைக்கு வந்தது. செலவு குறைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வோர் அரசும் தன் வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்கு இடம் ஒதுக்க வேண்டும். பிச்சையாக அல்ல, உரிமையாக!

அரசைக் கேட்பது ஒரு கடமை. நாம் செய்வது மறு கடமை. திண்டுக்கல்லில் வராத அந்த 18,000 பேரை நினையுங்கள். அவர்களைப் போன்றோரை அழைத்து வர யார் செல்வது? தேர்தல் நாளில் வீடு வீடாகச் சென்று வாக்குச் சாவடிக்கு அழைத்து வரத் தெரிந்த நமக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வரத் தெரியாதா? ஊசி போட்டால் பிள்ளைப்பேறு கெடும் என்று வதந்தி பரப்புவோர் உண்டு. ஆதாரமற்ற அந்தப் பேச்சை மறுத்துரைக்க நமக்கு நாவில்லையா? கூசும் தாயிடம் மகளிர் மன்றத்துச் சகோதரிகள் பேசுங்கள். தயங்கும் தந்தையிடம் தோழர்கள் பேசுங்கள்.

வாக்குக்காக அல்ல, வாழ்வுக்காக ஒருமுறை ஒவ்வொரு வாசலையும் தட்டுவோம்!