மலைமேல் இருக்கிறது ஊரின் பெயர்



தம் ஊரின் பெருமையைத் தாமே சென்று காணாமை தமிழரைப் பற்றிய பழைய நோய். சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடியில் பிறந்து, அடியிலேயே கடை வைத்து, அம்மலையை அண்ணாந்து பார்த்தே முதுமை எய்தியோர் பலர். வெளியூரினின்று விருந்தினர் வந்தாலன்றி அவர்கள் படியில் கால் வைப்பதில்லை. வந்தவர், “இதைக் குடைந்தவர் யார்? இவ்வெழுத்து யாது?” என்று வினவுங்கால் விடையின்றி விழிப்பர். அயலூரார் கேட்க, உள்ளூரார் நாணுவது எத்துணை இழிவு!

இவ்விழிவு ஊர்ப்பெயரிலேயே தொடங்குகின்றது. ‘திருச்சி’ என்னும் வழக்கைப் பிரித்துப் பாருங்கள். ‘திரு’ என்பது அடைமொழி. ‘ச்’ என்பது புணர்ச்சியில் தோன்றிய ஒற்று. எஞ்சுவது ‘சி’ என்னும் ஓரெழுத்தே. அடையை வைத்துக்கொண்டு பெயரைத் தொலைத்த ஊர் அது! ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ‘சிராப்பள்ளி’ என்றன்றோ பாடினார்? அப்பெயரை மூன்று தலை அரக்கன் ஒருவனோடு ஒட்டவைத்தது தொன்மக் கதை. ‘டிரிச்சினாப்பொலி’ எனச் சிதைத்தது வெள்ளையர் நா. எஞ்சியதை ஊராரே வெட்டிச் சுருக்கினர். அரசு ஏடுகளில் முழுப்பெயர் உண்டு. மக்கள் நாவில் இல்லை.

தொலைந்த பெயர் எங்கே உளது? மலைமேல் உளது.

அம்மலை ஏறத்தாழ 270 அடி உயரமே உடையது. படிகள் நானூற்றுக்குச் சற்று மிகுதி. அடிவாரத்து மாணிக்கப் பிள்ளையாரைக் கடந்து மேலேறினால் தாயுமானவர் கோயில். அதற்கும் மேலே, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவருமப் பல்லவன் அமைத்த குடைவரை. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன் திருவுருவம் அங்கே ஒரு சுவரை நிறைத்து நிற்கின்றது. அருகே பல்லவன் தன் புகழை வடமொழியில் பொறித்தான். தமிழ்நாட்டு மலையில், தமிழ் மக்கள் படித்தறியவியலாத மொழியில் பொறித்தான்!

ஆயினும் கல் தமிழைக் கைவிடவில்லை. வேம்பையர்கோன் நாராயணன் பாடிய சிராமலை அந்தாதியின் நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்கள் பிற்காலத்தே அதே குடைவரையில் தமிழில் பொறிக்கப்பெற்றன. ஏட்டில் மட்டும் இருந்திருப்பின் அந்நூல் கறையானுக்கு இரையாகியிருக்கலாம். இன்று அதன்முன் நிற்போர் எத்தனை பேர்? உச்சிப் பிள்ளையாரைக் காணும் விரைவில் கடந்து போவோரே மிகுதி.

உச்சிக் கோயிலின் பின்புறம் இயற்கைக் குகை ஒன்று உள்ளது. சமணத் துறவியர் படுத்த கற்படுக்கைகள், தலை வைக்கும் மேட்டுடன் அங்கே உள்ளன. தமிழி எழுத்துப் பொறிப்பும் உண்டு. ‘பள்ளி’ என்னும் சொல்லின் பொருளே அங்குக் கல்லாய்க் கிடக்கின்றது. பள்ளி என்பது படுக்கை, பின்னர்த் துறவியர் உறைவிடம், அதன்பின் கல்விச்சாலை. ‘சிரா’ என்பது அங்கு வாழ்ந்த துறவியின் பெயர் என்பர் சிலர். வேறு கூறுவாரும் உளர். ‘பள்ளி’ தமிழ் என்பதில் ஐயமில்லை. நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் ஊர்ச் சிறுவன் அச்சொல் பொருள் பெற்ற இடத்தை ஒருமுறையேனும் காண வேண்டாவா?

காணாமையால் விளையும் கேடு சிறிதன்று. தமிழகத்துக் குகைகள் பலவற்றில் கற்படுக்கைகளின்மேல் ஆணியால் தம் பெயரைக் கீறியுள்ளனர், வண்ணத்தால் எழுதியுள்ளனர். கீறியவர் பகைவர் அல்லர்; எழுத்தறிந்த தமிழ் இளைஞரே! முன்னோர் எழுத்தின் அருமையை அவர்க்குக் கற்பியாதது யார் குற்றம்?

ஆசிரியப் பெருமக்களே! மாணாக்கரை உதகைக்கும் குமரிக்கும் அழைத்துச் செல்லுங்கள். அதற்குமுன் சொந்த ஊர் மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். உரிய இசைவு பெற்றுக் கற்படுக்கைகளைக் காட்டுங்கள். தமிழி எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிக் கற்பியுங்கள்.

ஊர் மக்களே! கடைப்பலகையிலும் மண அழைப்பிலும் மடல் முகவரியிலும் ‘சிராப்பள்ளி’ என முழுமையாய் எழுதுங்கள்.

உச்சியில் நின்றால் வடக்கே காவிரி, அதற்கப்பால் திருவரங்கக் கோபுரம், தொலைவில் கொள்ளிடம். காலடியில் பள்ளி. ஏறிக் காண்க! இழந்த பெயரை மீட்டுக்கொண்டு இறங்குக!